மகள் வேலையை விடட்டுமா என்று கேட்கும் அம்மாவுக்கு

வணக்கம் அம்மா. "இவ்வளவு நல்ல சம்பளம், கொஞ்சம் பொறுத்துப் போகக் கூடாதா?" என்று நீங்கள் கேட்பதில் தப்பில்லை. வீட்டுக் கடன் இருக்கும்போது எந்தத் தாய்க்கும் அந்தப் பயம் வரும். ஆனால் உங்கள் மகள் சொல்வது வெறும் வேலைப்பளு இல்லை. புராஜெக்ட் முடிக்கும் நேரத்தில் இரண்டு வாரம் கண்விழிப்பது எல்லா ஐ.டி. கம்பெனியிலும் உண்டு; முடிந்ததும் ஆள் தெளிந்துவிடுவார். மேனேஜர் எல்லார் முன்னாலும் மட்டம் தட்டுவதும், லீவு கேட்டால் அப்ரைசலை, அதாவது வேலைத்திறன் மதிப்பீட்டைக் காட்டி மிரட்டுவதும் வேறு. ஞாயிறு சாயங்காலமே வயிற்றைப் பிசைகிறது, தூக்கமே இல்லை என்கிறாரே, அது மாதக்கணக்கில் தொடர்ந்தால் கிளம்ப வேண்டியதுதான் என்பது என் கருத்து. இப்போதே டாக்டரைப் பாருங்கள். 14416 என்ற டெலி மானஸ் எண்ணில், அதாவது அரசின் மனநல உதவி எண்ணில், தமிழிலேயே இலவசமாகப் பேசலாம்.

ஆனால் கோபத்தில் ராஜினாமா வேண்டாம். அதைவிட முக்கியம், மிரட்டலுக்குப் பயந்து ராஜினாமா கூடவே கூடாது. மேனேஜரும் எச்.ஆரும் அறையில் உட்காரவைத்து, "நீயே எழுதிக் கொடுத்துவிடு, இல்லாவிட்டால் டெர்மினேட் பண்ணுவோம்" என்றால், அந்த இடத்தில் எதிலும் கையெழுத்துப் போடக் கூடாது. "மெயிலில் அனுப்புங்கள், யோசித்துச் சொல்கிறேன்" என்று எழுந்து வந்துவிடலாம். தானாக விலகியதாகப் பதிவாகிவிட்டால், கட்டாயப்படுத்தி வாங்கினார்கள் என்று நிரூபிக்கும் பாரம் அவர் தலையில் விழும். ஐ.டி. ஊழியர்களும் தொழிற்சங்கம் வைத்துக்கொள்ளலாம் என்று தமிழ்நாடு அரசு 2016-லேயே தெளிவுபடுத்திவிட்டது. அப்படி ஒரு சங்கத்தில் சேர்ந்தவர்களிடம் பேசச் சொல்லுங்கள், தனியாக இருக்கிறோம் என்ற பயம் போகும்.

ஆஃபர் லெட்டர், பே ஸ்லிப், சம்பளத்தில் வருமான வரி பிடித்ததைக் காட்டும் படிவம் 16 எல்லாம் இப்போதே அவர் கையில் இருக்கட்டும். கம்பெனியின் சாஃப்ட்வேர் கோடு (code), கிளையண்ட் ஃபைல் எதையும் எடுக்கக் கூடாது, அது அவருக்கே வினையாகும். யார், என்றைக்கு, என்ன பேசினார்கள், யார் கூட இருந்தார்கள் என்று அன்றன்றே நோட்டில் எழுதிவைக்கட்டும். பாலியல் தொல்லையும் இருந்தால் 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி, 10 பேருக்குக் குறையாமல் வேலைபார்க்கும் இடத்தில் உள்ளகப் புகார்க் குழு இருந்தாக வேண்டும். சம்பவம் நடந்த மூன்று மாதத்துக்குள் எழுத்தில் புகார் தர வேண்டும். அப்படித் தொல்லை உண்டா என்று அவரிடம் நீங்களாகவே கேளுங்கள். பல பெண்கள் வீட்டில் சொல்வதில்லை.

வேலையில் சேர்ந்து ஐந்து வருடம் முடியச் சில வாரங்களே பாக்கி என்றால், உடம்பு தாங்கினால் கிராஜுவிட்டி என்ற பணிக்கொடைக்காகக் காத்திருக்கலாம். பி.எஃப். பணத்தை எடுக்காமல் அடுத்த கம்பெனிக்கு மாற்றிக்கொள்ளட்டும். கம்பெனி இன்ஷூரன்ஸில் உங்கள் பெயரும் இருந்தால், வேலையோடு அதுவும் போய்விடும். அதற்குமுன் தனியாக ஒரு பாலிசி எடுத்துவிடுங்கள். நோட்டீஸ் பீரியடை ஒழுங்காக முடித்து ரிலீவிங் லெட்டர் வாங்கினால் அடுத்த இடத்தில் சரிபார்க்கும்போது சிக்கல் வராது.

இந்த வாரம் அவரோடு உட்கார்ந்து, தவணையும் சேர்த்து ஆறு மாதச் செலவை எழுதிப் பாருங்கள். அப்புறம் அவருடைய ரெஸ்யூமை எனக்கு அனுப்பச் சொல்லுங்கள், வேலையில் இருக்கும்போதே தேட ஆரம்பித்துவிடலாம்.