கழற்றிவிடப்பட்ட ஆல்பம்: 'பிக்மேலியன்' பற்றி வாசகர் கேள்விகள்

சென்ற இதழில் ஸ்லோடைவ் என்ற பிரிட்டிஷ் ராக் குழுவின் 'சூவ்லாக்கி' ஆல்பத்தைப் பற்றி எழுதும்போது, "இதைவிட எனக்கு 'பிக்மேலியன்'தான் பிடிக்கும்" என்று ஒரு வரி சேர்த்திருந்தேன். இந்த மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை அந்த ஒரு வரியைப் பற்றித்தான். அதனால் இந்த முறை பகுதி முழுவதும் அந்த ஒரே ஆல்பத்துக்கு.

*

கேள்வி: ரீல்ஸ் பார்த்துத்தான் எனக்கு ஸ்லோடைவ் தெரியும். 'அலிசன்', 'வென் த சன் ஹிட்ஸ்' இரண்டையும் தினமும் கேட்கிறேன். 'பிக்மேலியன்' எப்போது வந்தது? அதைப் பற்றி ஏன் யாரும் பேசுவதில்லை?
– கல்லூரி மாணவி, கோவை

பதில்: 1995 பிப்ரவரியில் வந்தது. அவர்களுடைய மூன்றாவது ஆல்பம். லண்டனுக்கு மேற்கே இருக்கும் ரெடிங் ஊர்க்காரர்கள் இவர்கள். கிட்டார் வாசித்துப் பாடும் நீல் ஹால்ஸ்டெட்டும் ரேச்சல் காஸ்வெல்லும் சிறு வயதிலிருந்தே நண்பர்கள்; 1989இல் குழு ஆரம்பித்தார்கள். 1991இல் 'ஜஸ்ட் ஃபார் எ டே' பிரிட்டிஷ் ஆல்பம் பட்டியலில் 32ஆவது இடம் வரை போனது. 1993இல் 'சூவ்லாக்கி' 51ஆவது இடத்தோடு நின்றது. 'பிக்மேலியன்' முதல் 75 இடங்களுக்குள் தலையே காட்டவில்லை.

வந்த நேரம் அப்படி. இவர்களுடைய அதே இசைத்தட்டுக் கம்பெனியான கிரியேஷனிலிருந்து 1994 ஆகஸ்டில் ஒயாசிஸ் என்ற ராக் குழுவின் முதல் ஆல்பம் வந்து நாட்டையே புரட்டிப் போட்டிருந்தது. அடுத்த ஆகஸ்டில் ஒயாசிஸும் போட்டிக் குழுவான ப்ளரும் ஒரே நாளில் சிங்கிள் (தனிப்பாட்டு) வெளியிட்டு மோதிக்கொண்டார்கள். ஒரு வாரத்தில் ப்ளர் சுமார் 2,74,000, ஒயாசிஸ் சுமார் 2,16,000 விற்றது. தொலைக்காட்சிச் செய்தியிலேயே அதைச் சொன்னார்கள். அந்த இரண்டு ஆகஸ்டுகளுக்கும் நடுவில், பத்து நிமிடப் பாட்டோடு தொடங்கும் ஓர் ஆல்பம், சத்தமே போடாமல் வந்து நின்றது. யார் திரும்பிப் பார்ப்பார்கள்?

அதற்கு முன்பே பத்திரிகைகள் இவர்களைக் கைவிட்டிருந்தன. காலடியில் இருக்கும், கிட்டார் ஒலியை மாற்றும் பெடல்களையே பார்த்துக்கொண்டு வாசிக்கிறார்கள் என்று இந்த வகைக் குழுக்களுக்கெல்லாம் 'ஷூகேஸ்' எனப் பெயர் வைத்து, ஓராண்டு தலையில் தூக்கி வைத்து ஆடினார்கள். அப்புறம் கீழே போட்டார்கள். 'சூவ்லாக்கி'யை மறுபடி கேட்பதைவிடக் கஞ்சி நிரம்பிய தொட்டியில் மூழ்கிச் சாகலாம் என்று 'மெலடி மேக்கர்' இதழில் விமர்சனமே வந்தது. இருபதுகளின் தொடக்கத்தில் இருந்த பிள்ளைகளைப் பற்றி அப்படி எழுதியதை நினைத்தால் எனக்கு இப்போதும் கோபம் வருகிறது.

*

கேள்வி: இந்த ஆல்பத்தால்தான் கம்பெனி அவர்களை வெளியே அனுப்பியது என்று படித்தேன். ஓர் ஆல்பம் ஒரு குழுவையே கவிழ்த்துவிடுமா?
– எஸ்.ஆர்., திருச்சி

பதில்: தேதிகளைப் பாருங்கள். ஆல்பம் கடைக்கு வந்து ஏறக்குறைய ஒரு வாரத்தில் கிரியேஷன் அவர்களை விட்டுவிட்டது. ஒரு வாரத்தில் எந்த விற்பனைக் கணக்கும் முழுசாக வந்திருக்காது. அந்த முடிவு முன்பே எடுக்கப்பட்டிருக்க வேண்டும் என்பதுதான் என் எண்ணம்.

காரணங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்ந்தவை. 1992இல் கிரியேஷனின் 49 சதவீதப் பங்கை சோனி வாங்கியது. அதன் பிறகு கணக்குப் பார்ப்பவர்களின் குரல் கொஞ்சம் உயர்ந்தது. அமெரிக்காவில் 'சூவ்லாக்கி'யை வெளியிட வேண்டிய எஸ்பிகே கம்பெனி மாதக்கணக்கில் தாமதித்தது. சுற்றுப்பயணத்தின் நடுவில் பணமும் நின்றுபோக, மீதிப் பயணத்தைக் குழுவே தன் செலவில் முடித்தது. 1994இல் டிரம்மர் சைமன் ஸ்காட் விலகினார். இயன் மெக்கட்சன் வந்தார். இத்தனைக்கும் நடுவில் ஹால்ஸ்டெட் தனியாக லூப்களை, அதாவது திரும்பத் திரும்ப ஓடும் ஒலித் துண்டுகளை, வைத்துக்கொண்டு வேறு திசையில் போய்க்கொண்டிருந்தார். 1993 கடைசியில் வந்த '5' என்ற சிறு தொகுப்பிலேயே அந்தத் திருப்பம் தெரிகிறது. டெக்னோ என்ற மின்னணு நடன இசையின் சாயல் அதில் நன்றாகவே விழுந்திருக்கும்.

கிரியேஷனை நடத்திய ஆலன் மெக்கீயை வில்லனாக்க எனக்கு மனம் வரவில்லை. விற்காத குழுவுக்கு மூன்று ஆல்பம் வரை இடம் கொடுத்தவர் அவர். ஆனால் 'குழுவைக் கொன்ற ஆல்பம்' என்று இதற்கு ஒட்டிய பெயர் அநியாயம். எப்படியும் போகத்தான் வேண்டும் என்கிற நிலையில் இருந்தவர்கள், யாருக்காகவும் வளைக்காமல் செய்த வேலை இது. அந்த விடுதலை ஒவ்வொரு பாட்டிலும் கேட்கிறது.

*

கேள்வி: நீங்கள் சொன்னீர்களே என்று போட்டுக் கேட்டேன். ஒன்றுமே நடக்கவில்லை. டிரம்ஸ் எப்போது வரும், கிட்டார் எப்போது வெடிக்கும் என்று காத்திருந்து சலித்துவிட்டது. எதைக் கேட்கச் சொல்கிறீர்கள்?
– வங்கி ஊழியர், மதுரை

பதில்: இந்தக் கேள்விக்காகத்தான் மற்ற எல்லாவற்றையும் எழுதுகிறேன். நல்லவேளை, நேர்மையாகக் கேட்டீர்கள்.

நான் ஒலிப்பதிவுக் கூடத்தில் மிக்ஸிங் வேலை பார்ப்பவள். என் நாளில் பெரும்பகுதி, ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்குவதில் போகிறது. குரல் மெலிந்தால் இரட்டிப்பாக்கு, இடைவெளி தெரிந்தால் ரிவெர்ப் (அறை முழக்கம்) போட்டு மூடு, பல்லவி எடுபடவில்லையா, இன்னும் நாலு டிராக் சேர். 'சூவ்லாக்கி' அந்த வழியில் வந்த மிக அழகான ஆல்பம். கிட்டார்கள் ஒன்றோடொன்று கரைந்து, எது எங்கே தொடங்குகிறது என்று பிரிக்க முடியாத ஒரு பெரிய அலை. 'பிக்மேலியன்' அந்த அலையை வடித்துவிட்டு, கீழே என்ன இருக்கிறது என்று காட்டுகிறது.

முதல் பாட்டு 'ரூட்டி'. ஹெட்போனில் கேளுங்கள். உறுத்தாத, தெளிந்த ஒலியில் ஒரு கிட்டார், சில சுரங்களை மட்டும் திரும்பத் திரும்ப எடுக்கிறது. சுரத்துக்கும் சுரத்துக்கும் நடுவில் இருக்கும் வெற்றிடம் அப்படியே விடப்பட்டிருக்கிறது. ஹால்ஸ்டெட்டின் குரல் கிட்டத்தட்ட முணுமுணுப்பு. தாளக் கருவிகள் கனக்காமல், பட்டும் படாமலும் வந்து சேர்கின்றன. நீங்கள் காத்திருந்த வெடிப்பு கடைசி வரை வராது. பத்து நிமிடத்துக்குப் பக்கத்தில் ஓடும் பாட்டில், எங்கேயும் வால்யூம் எகிறாமல், உங்கள் கவனம் மட்டும் கூர்மையாகிக்கொண்டே போகிறது. அங்கே ஒரு சிம்பல் லேசாகத் தொடப்பட்டால்கூடப் பெரிய நிகழ்ச்சியாகத் தெரியும். கச்சேரிக்கு முன்னால் தம்புராவை மட்டும் கேட்டு உட்காரப் பழகிய காது உங்களுக்கு இருந்தால், பாதி வேலை முடிந்தது.

இரண்டாவது, 'கிரேஸி ஃபார் யூ'. தொழில்முறையில் என்னை அசத்தும் பாட்டு இதுதான். டிலே என்பது, வாசித்த சுரத்தைக் குறிப்பிட்ட நேரம் கழித்துத் திருப்பித் தரும் கருவி. பொதுவாக ஒலிக்குக் கொஞ்சம் ஆழம் கூட்டத்தான் அதைப் போடுவோம். இங்கே திரும்பி வரும் ஒலிகளே பாட்டின் நடையைக் கட்டுகின்றன. அதன்மேல் ஏறக்குறைய ஒரே சொற்றொடர், ஆறு நிமிடம். காதலில் விழுந்தவன் மனதில் ஒரே வாக்கியம் ஓடிக்கொண்டிருக்குமே, அதை விளக்காமல் அப்படியே ஓடவிட்டிருக்கிறார்கள். 'மிராண்டா'வில் ரேச்சலின் குரல் சொற்களைத் தாண்டி வெறும் ஒலியாகிவிடுகிறது. என்ன பாடுகிறார் என்று தேடாதீர்கள். ஒரு வாத்தியம் என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

எல்லாமே உச்சம் என்று சொல்ல மாட்டேன். 'ட்ரெல்லிஸேஸ்' எனக்கு இன்னும் முழுசாகத் திறக்கவில்லை. அதன் இருண்ட தாளம் போக வேண்டிய தூரத்தைத் தாண்டிப் போகிறது. 'செல்லோ' இரண்டு நிமிடம்கூட இல்லாத ஓர் இணைப்புத் துண்டு, அவ்வளவுதான்.

உங்களுக்கு ஒரு யோசனை. முதல் பாட்டிலிருந்து ஆரம்பிக்காதீர்கள். எட்டாவது பாட்டு 'ப்ளூ ஸ்கைட் அண்ட் கிளியர்' போடுங்கள். ஏழு நிமிடத்துக்குச் சற்றுக் குறைவு. ஆல்பத்திலேயே மிகவும் வெதுவெதுப்பான இடம் அது. மெட்டு இருக்கிறது, டிரம்ஸ் இருக்கிறது, இரண்டு குரல்களும் இருக்கின்றன. ஆனால் எல்லாம் அதனதன் இடத்தில், ஒன்றையொன்று தொடாமல். அது பிடித்துவிட்டால் அடுத்து வரும் 'ஆல் ஆஃப் அஸ்' தானாகப் பிடிக்கும். பிறகு 'ரூட்டி'க்குத் திரும்புங்கள். அப்போதும் சலித்தால் விட்டுவிடுங்கள், எனக்கு வருத்தமில்லை.

*

கேள்வி: அட்டைப்படத்தில் புள்ளியும் கோடும் வண்ணக் கட்டங்களுமாக இருக்கிறதே, அது என்ன?
– ஓவிய ஆசிரியர், புதுச்சேரி

பதில்: உங்கள் கண்ணுக்குப் பட்டதில் ஆச்சரியமில்லை. ருமேனியாவின் டிரான்சில்வேனியாவில் பிறந்த ஹங்கேரிய இசையமைப்பாளர் லிகெட்டி, 1958இல் ஜெர்மனியின் கொலோன் நகரத்தில் 'ஆர்ட்டிகுலாட்சியோன்' என்றொரு மின்னணு இசைத் துண்டு செய்தார். அதைக் காதால் பின்தொடர உதவியாக ரைனர் வெஹிங்கர் பின்னாளில் ஒரு வரைபடம் வரைந்தார். ஒவ்வொரு வகை ஒலிக்கும் ஒரு வடிவம், ஒரு நிறம். அட்டைப்படம் அந்த வரைபடத்திலிருந்து எடுத்தது. பாப் பாட்டை எதிர்பார்த்த கம்பெனியின் கையில் இந்த அட்டையையும் கொடுத்திருக்கிறார்கள்!

*

கேள்வி: அதன் பிறகு குழு என்ன ஆனது? இப்போது மேடையேறுபவர்கள் அதே ஆட்கள்தானா?
– கே.எம்., யாழ்ப்பாணம்

பதில்: அதே ஆட்கள்தான். 1995இலேயே ஹால்ஸ்டெட், காஸ்வெல், மெக்கட்சன் மூவரும் மொஹாவி 3 என்ற பெயரில் 4ஏடி கம்பெனிக்குப் போய், அந்த ஆண்டே 'ஆஸ்க் மீ டுமாரோ' வெளியிட்டார்கள். அது நாட்டுப்புறச் சாயல் கொண்ட, அமைதியான ஆல்பம். 'பிக்மேலியன்' கடைசியில் ஒலிக்கும் அகூஸ்டிக் கிட்டாரைக் கேட்டவர்களுக்கு அந்தத் திருப்பம் திடுக்கென்று இருக்காது. விலகிப்போன சைமன் ஸ்காட், ஆம்பியன்ட் என்ற, பின்னணியில் மெல்லப் பரவும் இசையில் தனக்கென ஒரு வழி போட்டுக்கொண்டார்.

இடையில் இந்தப் பாட்டுகளைக் காப்பாற்றி வைத்தவர்கள் மின்னணு இசைக்காரர்கள். 2002இல் ஜெர்மனியின் மோர் மியூசிக் நிறுவனம் ஸ்லோடைவுக்கு மரியாதையாக ஒரு தொகுப்பு கொண்டுவந்தது. அதற்கு வைத்த பெயரே 'ப்ளூ ஸ்கைட் அண்ட் கிளியர்'! உள்ளூர்ப் பத்திரிகைகள் மறந்த ஆல்பத்தின் பெறுமதி அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

2014இல் பார்சிலோனாவின் ப்ரிமவேரா விழாவில், ஸ்காட்டும் சேர்ந்து, பழைய ஐவரும் மேடையேறினார்கள். 2017இல் குழுவின் பெயரையே தலைப்பாகக் கொண்ட ஆல்பம். 2023இல் 'எவ்ரிதிங் இஸ் அலைவ்' பிரிட்டனில் முதல் பத்துக்குள் நுழைந்தது. தொண்ணூறுகளில் ஒருமுறைகூட நடக்காதது அது. அந்த ஆல்பத்தின் மெல்லிய சிந்தசைசர் இழைகளைக் கேட்கும்போது, 'பிக்மேலியன்' போட்ட பாதை அடைபடவில்லை என்று எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

*

கேள்வி: எல்பி வாங்கலாமா, ஸ்ட்ரீமிங் போதுமா?
– பெயர் வேண்டாம், சேலம்

பதில்: ஸ்ட்ரீமிங்கே போதும். 1995இன் அசல் எல்பி சேகரிப்பாளர்கள் கைக்குப் போய்விட்டது, விலை எக்கச்சக்கம். பின்னாளைய மறுபதிப்பு கிடைத்தால் வாங்கலாம். 2010இல் வந்த இரட்டை சிடி கண்ணில் பட்டால் விடாதீர்கள். அதில் அந்தக் காலத்து டெமோ பதிவுகள் இருக்கின்றன. எங்கே கேட்டாலும் ஷஃபிள் போடாமல், பாட்டுக்குப் பாட்டு வால்யூமைச் சமப்படுத்தும் வசதியை அணைத்துவிட்டுக் கேளுங்கள்.

*

கேள்வி: இது பிடித்துப்போனால் அடுத்து எங்கே போவது? அதே காலத்து பிரிட்டிஷ் ஆல்பங்களாகச் சொல்லுங்கள்.
– ஐடி ஊழியர், சென்னை

பதில்: முதலில் பின்னால் போங்கள்: டாக் டாக் குழுவின் 'லாஃபிங் ஸ்டாக்', 1991. இடைவெளியைப் பயப்படாமல் விட்டுவைக்கலாம் என்று அந்தத் தலைமுறைக்குக் காட்டிக் கொடுத்த ஆல்பம். சீஃபீல் குழுவின் 'கீக்', 1993. கிட்டாரையும் மின்னணு லூப்பையும் பிரித்துச் சொல்ல முடியாது.

அப்புறம் கிழக்கு லண்டனின் பார்க் சைக்கோசிஸ். 1994இல் வந்த அவர்களுடைய 'ஹெக்ஸ்' ஆல்பத்தை விமர்சிக்கும்போதுதான் இசை விமர்சகர் சைமன் ரேனால்ட்ஸ், ராக் வாத்தியங்களை ராக் அல்லாத வழியில் பயன்படுத்தும் இசைக்கு 'போஸ்ட் ராக்' என்ற சொல்லைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார். அந்தப் பெயர் பின்னாளில் பல குழுக்களுக்குச் சோறு போட்டது. 'ஹெக்ஸ்' செய்தவர்களோ அந்த ஆல்பத்தோடு சிதறிப்போனார்கள். ஏழு பாட்டு, ஐம்பது நிமிடத்துக்குச் சற்று மேல். ஊரடங்கிய நகரத்தில் காரில் போவது போன்ற இசை என்று எல்லோரும் சொல்வார்கள். எனக்கு அதில் முக்கியமாகத் தெரிவது, குழுவை நடத்திய கிரஹாம் சட்டன் ஒவ்வொரு வாத்தியத்துக்கும் எவ்வளவு நேரம் மௌனமாக இருக்க அனுமதி கொடுத்திருக்கிறார் என்பது. அடுத்த இதழில் அதை எடுத்துக்கொள்ளலாம் என்றிருக்கிறேன். கேட்டுவிட்டுக் கேள்வி அனுப்புங்கள், பிடிக்கவில்லை என்றாலும் அனுப்புங்கள்.