சீனாவில் கிராஃப்ட் பீர் ஆலையில் வாரம் முழுக்க என்னதான் வேலை?

கிராஃப்ட் பீர் ஆலை என்றால் சிறு அளவில், தனக்கென்று ஒரு சுவையோடு பீர் காய்ச்சும் இடம். பெய்ஜிங்கில் 2010இல் தொடங்கிய கிரேட் லீப் ஓர் உதாரணம்.

காய்ச்சுவது ஒரு நாள் வேலைதான்: முளைகட்டிய பார்லியை வெந்நீரில் ஊறவைத்து, இனிப்புச் சாற்றை வடித்து, கசப்பும் மணமும் தரும் ஹாப்ஸ் பூ போட்டுக் கொதிக்கவிட்டு, ஆறியதும் ஈஸ்ட் சேர்ப்பார்கள். அப்புறம் ஒரு வாரமோ அதற்கு மேலோ சாற்றின் சர்க்கரையை ஆல்கஹாலாக மாற்ற ஈஸ்ட்தான் உழைக்கும். ஆட்களுக்குத் தொட்டி, குழாய், பீப்பாய் கழுவுவதிலேயே பெரும்பொழுது போய்விடும். அந்த இனிப்புச் சாறு ஈஸ்ட்டுக்கு மட்டுமா விருந்து, கண்ட கிருமிக்கும்தான்! சரியாகக் கழுவாத பாத்திரத்தில் பால் திரிந்துபோகிற கதை.

கிரேட் லீப்பில் தேனும் சிச்சுவான் மிளகும் சேர்த்த பீர் ஒன்று உண்டு. மிளகு என்றதும் தொண்டை எரியும் என்று பலர் நினைக்கிறார்கள்; அதில் நம் மிளகின் காரம் கிடையாது, எலுமிச்சை வாசத்தோடு நாக்கு லேசாக மரத்துப்போகும், அவ்வளவுதான்.