கதவை நான்தான் திறப்பேன்: மாற்றுத்திறனாளிகள் சேர்ந்து வாழும் வீடு பற்றிக் கேள்வி பதில்

இளம்பிள்ளை வாதத்தில் இரண்டு காலும் போனவள் நான். ராமநாதபுரம் மாவட்டத்தில் மண்டபம் என்ற ஊர்ப்பக்கம் ஒரு வாடகை வீட்டில் நாங்கள் நாலு பெண்கள் ஒன்பது வருஷமாகச் சேர்ந்து இருக்கிறோம். பகலுக்கு ஓர் அக்கா, ராத்திரிக்கு ஓர் அக்கா உதவிக்கு வருகிறார்கள். இப்படி ஒரு வீட்டுக்குப் போவது பற்றி நம் கடற்கரை ஊர்க்காரர்கள் கேட்டவற்றுக்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

கீழக்கரையிலிருந்து ஓர் உம்மா: மகனுக்கு 27 வயது, அறிவுசார் குறைபாடு. எனக்கும் அவன் வாப்பாவுக்கும் வயதாகிறது. எங்காவது சேர்த்துவிடலாமா? ஏர்வாடியை நினைத்தாலே கை நடுங்குகிறது.

லாத்தா, அந்த நடுக்கம் நியாயமானது. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் ஒரு மனநலக் காப்பகம் தீப்பிடித்தபோது, சங்கிலியில் கட்டிப்போட்டிருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் செத்துப்போனார்கள். நம் மாவட்டத்தில் யாரும் அதை மறக்கக் கூடாது. மனநோய் உள்ளவர்களைச் சங்கிலியால் கட்டவே கூடாது என்று 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் சொல்கிறது. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 5-வது பிரிவு, எல்லாரையும் போல ஊருக்குள் வாழ உரிமை உண்டு, இன்ன இடத்தில்தான் இருக்க வேண்டும் என்று யாரையும் கட்டாயப்படுத்த முடியாது என்கிறது.

அதனால் ‘சேர்த்துவிடுவது’ என்ற பேச்சையே விட்டுவிடுங்கள். மகனிடம் கேளுங்கள். வாயால் சொல்லாவிட்டாலும் முகம் சொல்லும். முதலில் ஒரு மத்தியானச் சாப்பாட்டுக்குக் கூட்டிப்போங்கள். அப்புறம் ஒரு ராத்திரி, அப்புறம் ஒரு வாரம். எங்களோடு இருக்கும் தங்கச்சிக்கும் இதே குறைபாடுதான். ஆரம்பத்தில் வரும்போதெல்லாம் தன் தலையணையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வருவாள், போகும்போது மறக்காமல் எடுத்துப்போவாள். நாலாவது தடவை கட்டிலிலேயே வைத்துவிட்டுப் போனாள். அப்போதுதான் அவளுடைய அம்மா அழுகையை நிறுத்தினார்.

அதே உம்மா: நல்ல இடம் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

இல்லம் நடத்த அரசிடம் வாங்கிய பதிவுச் சான்று கேளுங்கள், அது முதல் வேலை. அப்புறம் சொல்லாமல் கொள்ளாமல் சாயங்காலம் ஆறு மணிக்குப் போங்கள். கக்கூஸைப் பாருங்கள். தாழ்ப்பாள் அறைக்கு உள்ளே இருக்கிறதா, வெளியே மட்டுமா? ஆளுக்கொரு அலமாரி, அதில் அவரவர் துணி இருக்கிறதா? போன் யாரிடம், பேங்க் பாஸ்புக் யாரிடம்? முன்பு நான் இருந்த ஒரு விடுதியில் எட்டு மணிக்கு விளக்கை அணைத்து வெளியே பூட்டிவிடுவார்கள். தாகம் எடுத்தால் விடியும்வரை பொறுக்க வேண்டும். சுத்தமான இடம்தான், வேளாவேளைக்குச் சோறும் வரும். ஆனால் அது வீடு இல்லை.

பாம்பனிலிருந்து ஒரு தம்பி: படகில் விழுந்து தண்டுவடம் அடிபட்டது, சக்கர நாற்காலி. நண்பர்கள் இருவரோடு வீடு எடுக்க ஆசை. என்ன பார்க்க வேண்டும்?

முதலில் மணல், தம்பி. வாசலிலிருந்து தார் ரோடு வரை மணலாக இருந்தால் முன் சக்கரம் புதைந்துவிடும், எவ்வளவு அழகான வீடானாலும் வேண்டாம். சாய்தளம் ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் இருக்க வேண்டும். கொத்தனார் நாலடியில் முடித்துவிடலாம் என்பார், சம்மதிக்காதீர்கள். கக்கூஸ் கதவு மூன்றடி அகலம் வேண்டும். உப்புக் காற்றில் நாற்காலிச் சக்கரத்தின் பேரிங் சீக்கிரம் துருப்பிடிக்கும். வாரம் ஒருமுறை நல்ல தண்ணீரில் துடைத்து எண்ணெய் விடுங்கள். படுக்கைப் புண்ணை மட்டும் அலட்சியம் செய்யாதீர்கள். மெத்தையில் பணம் மிச்சம் பிடிக்க வேண்டாம், அரைமணிக்கு ஒருமுறையாவது கையை ஊன்றி உடம்பைத் தூக்குங்கள்.

தேவிபட்டினத்திலிருந்து: செலவுக்கு என்ன வழி?

அடையாள அட்டை இல்லாவிட்டால் முதலில் கலெக்டர் ஆபீஸ் வளாகத்தில் மாற்றுத்திறனாளிகள் நல அலுவலரைப் பாருங்கள். கடுமையான பாதிப்பு உள்ளவர்களுக்கு மாதப் பராமரிப்பு உதவித்தொகை உண்டு, 2023-ல் அது 2,000 ரூபாய் ஆனது. அறிவுசார் குறைபாடு, மூளை முடக்குவாதம், ஆட்டிசம், பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்கு ‘நிராமயா’ மருத்துவக் காப்பீடு ஒரு லட்சம் வரை. எங்கள் வாடகை 8,000, ஆளுக்கு 2,000. உதவிக்கு வரும் அக்காமார் சம்பளம்தான் பெரிய செலவு. எங்கள் நாலு பேரில் ஒருத்தி தையல் வேலை செய்கிறாள், ஒருத்தி கருவாடு விற்கிறாள். ஏப்ரல் 15 முதல் 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் கருவாட்டு வரும்படி படுத்துவிடும். அதற்காகத் தை மாசத்திலிருந்தே ஒரு டப்பாவில் போட்டுவைப்போம்.

இன்னொருவர்: குறைபாடு உள்ள பிள்ளை 18 வயது தாண்டினால், அவருக்காக முடிவெடுக்கச் சட்டப்படி காப்பாளர் சான்று வாங்குவது கட்டாயமா?

இல்லை. அவரே முடிவெடுக்க முடிந்தவரை தேவையில்லை. தேவைப்பட்டால், நிராமயாவுக்குச் சொன்ன அதே நாலு குறைபாடுகளுக்கும் கலெக்டர் தலைமையிலான உள்ளூர்க் குழுவிடம் மனுக் கொடுக்கலாம்.

தொண்டியிலிருந்து ஒரு தங்கச்சி: போக எனக்கு ஆசை. ‘ஊர் என்ன சொல்லும், பெத்தவங்க கைவிட்டாங்கன்னு பேசும்’ என்று அம்மா அழுகிறார்.

என் அம்மாவும் இதையேதான் சொன்னார், ஆறு மாசம் என்னோடு பேசவில்லை. நான் அதட்டிப் பேசவில்லை. மாசம் ஒருமுறை வீட்டுக்குப் போய் இரண்டு நாள் இருந்துவிட்டு வருவேன், அவ்வளவுதான். உங்கள் அம்மாவின் பயத்தையும் கேளுங்கள், உங்கள் ஆசையையும் விடாதீர்கள். இப்போது ஞாயிற்றுக்கிழமை ஆனால் என் அம்மா ஊளிமீன் வாங்கிக்கொண்டு பஸ் ஏறி வந்துவிடுகிறார். வாசலில் நின்று கதவைத் தட்டுவார். சாவி என் கழுத்துக் கயிற்றில் இருக்கும், நான்தான் போய்த் திறப்பேன்.