கடல் நத்தை படித்தால் வேலை கிடைக்குமா? கிருஷ்ணகிரி அப்பா ஒருவருக்குப் பதில்

வணக்கம் ஐயா,

பி.எஸ்சி. விலங்கியல் இரண்டாம் ஆண்டு படிக்கும் பாப்பா, கடலோர நத்தைகளின் மரபணு வேறுபாட்டை ஆராய ஆசைப்படுகிறாள். "கடலே இல்லாத ஊரில் நத்தை படித்து என்ன ஆகப்போகிறது? ஓசூரில் கம்பெனி வேலைக்குப் போகலாமே" என்கிறீர்கள். நியாயமான கவலைதான். அவள் கேட்பது என்ன படிப்பு என்று முதலில் பார்த்துவிடுவோம்.

சுவீடன் கடற்கரையில் லிட்டோரினா சாக்சாடிலிஸ் என்றொரு நத்தை. நண்டு நடமாடும் இடத்தில் அது பெரிதாக, தடித்த ஓட்டோடு, ஓட்டின் வாய் (திறப்பு) சிறியதாக இருக்கும். இதை நண்டு வகை என்பார்கள். நண்டால் லேசில் உடைக்க முடியாது. அலை அடிக்கும் பாறையில் அதே இனம் சிறுத்து, ஓடு மெலிந்து, ஓட்டின் வாய் அகன்றிருக்கும். இது அலை வகை. பெரிய பாதத்தால் பாறையை இறுகப் பற்றிக்கொள்ளும். இரண்டுக்கும் நடுவே சில மீட்டர்தான். குஞ்சுகள் நீரோட்டத்தில் மிதந்து போவதில்லை, தாயின் ஓட்டுக்குள்ளேயே உருவாகி அங்கேயே ஊர்கின்றன. அதனால் அந்தந்த இடத்துக்கு ஏற்ற மரபணுக்கள் அங்கேயே நிலைக்கின்றன.

1988-இல் நச்சுப் பாசி பெருகியதில் ஒரு சிறு பாறைத்தீவின் நத்தைகள் அழிந்துபோயின. 1992-இல் கெர்ஸ்டின் யோஹானசன் என்ற ஆய்வாளர் அங்கே நண்டு வகை நத்தைகளைக் கொண்டுபோய் விட்டார். முப்பது ஆண்டுகளில் அவற்றின் வாரிசுகள் அலை வகையைப் போலவே மாறிவிட்டன. 2024-இல் அந்த ஆய்வு வெளியானது. இதைப் படித்த பிள்ளைக்கு ஆசை வராமல் இருந்தால்தான் ஆச்சரியம்!

இந்த வேலைக்கு டி.என்.ஏ. பிரித்தெடுக்கவும், தரவைக் கணினியில் அலசவும், புள்ளியியலும் தெரிய வேண்டும். விதை நிறுவனத்திலும் நோய் கண்டறியும் ஆய்வகத்திலும் கேட்பது இதே கைப்பழக்கத்தைத்தான். ஆனால் ஒன்று, பட்டத்தை மட்டும் கையில் வைத்துக்கொண்டு எம்.எஸ்சி.யோடு நின்றால் சிரமம். ஆய்வகப் பயிற்சி இல்லாத கல்லூரியை, வீட்டுக்குப் பக்கம் என்பதற்காகத் தேர்ந்தெடுக்காதீர்கள்.

பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையம் இருக்கிறது. எம்.எஸ்சி. சேர்க்கைக்கான ஜாம் நுழைவுத் தேர்வில் தேறினால் ஐ.ஐ.டி.க்கும் வழி உண்டு. பிறகு சி.எஸ்.ஐ.ஆர். நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வில் ஜே.ஆர்.எஃப். (இளநிலை ஆய்வாளர் தகுதி) கிடைத்தால் மாதம் 37,000 ரூபாய் உதவித்தொகை. முனைவர் படிப்பு உங்கள் கையைக் கடிக்காது.

அதுவரை பாப்பா கே.ஆர்.பி. அணைக் கரையிலும் வயல் வாய்க்காலிலும் காலி நத்தை ஓடுகளைப் பொறுக்கி, உயரத்தையும் வாய் அகலத்தையும் வெர்னியர் அளவியால் அளந்து, 'ஆர்' என்ற புள்ளியியல் மென்பொருளில் ஏற்றிப் பழகட்டும். ஓட்டின் வடிவம் மாறியதாலேயே மரபணுவும் மாறிவிட்டது என்று சொல்லிவிட முடியாது. தீனியும் தண்ணீரும்கூட வடிவத்தை மாற்றும். அதை எப்படிப் பிரித்தறிவது என்று அவளே கேட்கத் தொடங்கினால், அந்த அளவுக் குறிப்பேட்டோடு அவளைக் கூட்டிக்கொண்டு வாருங்கள், ஜாம் பாடத்திட்டத்தைச் சேர்ந்து பார்க்கலாம்.