நட்டத்தில் மூழ்கும் பெரிய உற்பத்தி நிறுவனத்தை ஒரு சிஇஓ தூக்கி நிறுத்த முடியுமா?

முடியும். ஆனால் ஆலையில் என்ன ஓடுகிறது என்ற உண்மை அவர் காதுக்கு வர வேண்டும், அதுதான் பெரும்பாலும் வராது. ஃபோர்டு கதையைச் சொல்கிறேன்.

2006 செப்டம்பரில் ஆலன் முலாலி அங்கே சிஇஓவாக வந்தார். அதுவரை போயிங்கில் விமானம் செய்துகொண்டிருந்தவர், காரைப் பற்றி இவருக்கு என்ன தெரியும் என்று உள்ளே பலருக்கு இளக்காரம். அந்த ஒரு வருடத்தில் மட்டும் ஃபோர்டுக்கு 1,200 கோடி டாலருக்கு மேல் நட்டம். அவர் செய்த முதல் வேலை, வியாழக்கிழமைதோறும் காலையில் எல்லாப் பெரிய தலைகளையும் ஒரே மேசையில் உட்கார வைத்தது. அவரவர் பிரிவின் நிலவரத்தைப் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று காட்ட வேண்டும். பார்த்தால் எல்லாமே பச்சை! கோடி கோடியாய்ப் போய்க்கொண்டிருக்கிறது, ஒரு இடத்தில்கூடச் சிக்கல் இல்லையா என்று கேட்டிருக்கிறார். கடைசியில் மார்க் ஃபீல்ட்ஸ் என்பவர் கனடா ஆலையில் எட்ஜ் வண்டியின் பின்கதவில் ஏதோ கோளாறு என்று சிவப்பைக் காட்ட, ஆள் தொலைந்தான் என்று மற்றவர்கள் நினைத்துக்கொண்டிருக்கும்போது முலாலி கை தட்டினார். யார் உதவ முடியும் என்று மட்டும் கேட்டார். அடுத்தடுத்த வாரங்களில் மற்றவர்களின் தாளிலும் சிவப்பு வர ஆரம்பித்தது.

இதன் அருமை எனக்குத் தெரியும். நான் முன்பு ஒரு உதிரிபாகக் கம்பெனியில் தரக்கட்டுப்பாட்டில் இருந்தேன். மாதாந்திர மீட்டிங்கில் ரிஜெக்‌ஷன் அதிகம் காட்டியவனை நிற்க வைத்துத் திட்டுவார்கள். அடுத்த மாதமே கணக்கு அழகாகிவிடும், சரக்கு மட்டும் வாங்கியவரிடமிருந்து திரும்பி வந்துகொண்டே இருக்கும்.

அப்புறம் பணம். 2006 முடிவதற்குள் ஆலைகள், நீல நிற ஓவல் சின்னம் உட்பட அடமானம் வைத்து 2,300 கோடி டாலருக்கு மேல் கடன் திரட்டினார்கள். ஏறக்குறைய தாலியை அடகு வைத்த மாதிரிதான். 2008 உலக நிதி நெருக்கடி வரும் என்று தெரிந்து செய்தது இல்லை, அதில் அதிர்ஷ்டமும் உண்டு. ஆனால் அந்தக் கையிருப்பு இருந்ததால்தான் 2009-ல் போட்டிக் கார் கம்பெனிகளான ஜிஎம்மும் கிரைஸ்லரும் திவாலாகி அரசிடம் போய் நின்றபோது ஃபோர்டு தப்பித்தது. (அரசிடம் ஒரு பைசா வாங்கவில்லை என்று பலர் எழுதுகிறார்கள், அது சரியில்லை. எரிபொருள் சிக்கன வண்டிகளுக்காக எரிசக்தித் துறையிடம் 590 கோடி டாலர் கடன் வாங்கினார்கள், மீட்பு நிதிதான் வாங்கவில்லை.) ஜாகுவார், லேண்ட் ரோவர் டாடாவுக்குப் போனதும், வோல்வோ சீனாவின் ஜீலிக்குப் போனதும் இதே காலத்தில்தான். பிராண்டுகளைக் குறைத்து, ஒரே மாடலைப் பல நாடுகளில் விற்பது திட்டம். 2009-லேயே லாபம் வந்துவிட்டது, 2012-ல் அடகு வைத்த சின்னமும் மீண்டது.

2014-ல் முலாலி ஓய்வு பெற்றார். அவர் இடத்துக்கு வந்தவர், அன்று சிவப்பு காட்டிய அதே ஃபீல்ட்ஸ். மூன்றே வருடத்தில் அவரை மாற்றிவிட்டார்கள்.