கண்ணாடியில் ஒட்டிய பழைய படத்தைக் கன்வஸில் அச்சிடலாமா?

மட்டக்களப்பு, கல்லடியிலிருந்து வாசகி ஒருவர் எழுதியிருக்கிறார்: "2004 சுனாமிக்குப் பிறகு எங்களிடம் மிஞ்சியது அம்மா, அப்பாவின் கலியாணப் படம் ஒன்றுதான். 4க்கு 6 அங்குல அளவுள்ள அந்தப் படம் பிறேம் கண்ணாடியோடு ஒட்டிக் கிடக்கிறது. மகன் அதைக் கைப்பேசியில் எடுத்து வட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கிறான். 24க்கு 36 அங்குலக் கன்வஸாக அடித்து ஹோலில் மாட்டலாமா? கடற்காற்றுக்குத் தாங்குமா?"

அடிக்கலாம், ஆனால் அந்த வட்ஸ்அப் படத்திலிருந்து வேண்டாம். வட்ஸ்அப் வழக்கமாகப் படத்தைச் சுருக்கித்தான் அனுப்பும். நீளப் பக்கம் 1600 பிக்சலுக்குக் குறைந்திருந்தால், 36 அங்குலத்துக்கு நீட்டும்போது அங்குலத்துக்கு 45 பிக்சல்கூடக் கிடைக்காது. கன்வஸுக்கு 150 இருந்தால் நல்லது. தள்ளி நின்று பார்க்கும் பெரிய படமென்றால் 100 போதும்.

அதைவிட முக்கியமாக, கண்ணாடியிலிருந்து படத்தைப் பிரிக்க யாரையும் விடாதீர்கள். புகைப்படத் தாளின் மேலுள்ள ஜெலற்றின் படலம் ஈரத்தில் இளகி, பிறகு காயும்போது கண்ணாடியைப் பற்றிக்கொள்ளும். ஓரத்தை மட்டும் கிளப்பிப் பார்ப்போம் என்று சவர அலகை நுழைத்தால், தாள் கையோடு வந்துவிடும், முகம் கண்ணாடியிலேயே தங்கிவிடும். ஆகவே கண்ணாடியோடு சேர்த்தே பிரதியெடுக்க வேண்டும். கண்ணாடியின் வெளிப்புறத்தை உலர்ந்த மெல்லிய துணியால் துடைத்தால் போதும். தண்ணீரோ, துடைக்கும் திரவமோ தெளித்தால் ஓரத்தால் உள்ளே ஊறிவிடும். கடைகளிலுள்ள மெலிந்த ஸ்கேனர்கள் பல, தம்மைத் தொட்டுக் கிடப்பதை மட்டுமே கூர்மையாகப் பதிவுசெய்யும். கண்ணாடியின் தடிப்பளவு விலகி நிற்கும் உங்கள் படம் அவற்றில் மங்கலாகவே விழும். எனவே ஸ்டூடியோவில் கமராவால் எடுக்கச் சொல்லுங்கள். இரு பக்கமிருந்தும் 45 பாகைச் சாய்வில் ஒளி விழ வேண்டும். கமராவுக்கு முன்னால் லென்ஸுக்கு மட்டும் துளையிட்ட கறுப்புத் துணியைப் பிடித்தால், கண்ணாடியில் எதுவும் பிரதிபலிக்காது. 24 மெகாபிக்சல் கமராவில் படம் சட்டகத்தை நிறைக்குமாறு எடுத்தால் ஏறத்தாழ 6000க்கு 4000 பிக்சல் கிடைக்கும். அந்தக் கோப்பைப் பென்டிரைவில் வாங்குங்கள். வட்ஸ்அப்பில்தான் பெற வேண்டுமென்றால் 'டொக்கியுமென்ட்' ஆக அனுப்பச் சொல்லுங்கள். அசலைக் கடையில் ஓர் இரவுகூட விட்டுவைக்க வேண்டாம்.

பிக்சல் எத்தனை கூடினாலும், அசலில் இல்லாத நுணுக்கம் புதிதாக வந்துவிடாது. முழு உருவப் படமென்றால் முகம் பெருவிரல் நகத்தளவே இருக்கும். அதை ஆறு மடங்கு பெருப்பிப்பதைவிட, நான்கு மடங்காக 16க்கு 24 அங்குலத்தில் நிறுத்துவதே என் பரிந்துரை. இரண்டு அளவுகளுமே அசலின் விகிதத்தில் இருப்பதால், அதற்காக எதையும் வெட்ட வேண்டியதில்லை. முகத்தைத் தெளிவாக்கித் தருவதாகச் சொல்லும் செயற்கை நுண்ணறிவுச் செயலிகளிடம் இந்தப் படத்தைக் கொடுக்காதீர்கள். அவை இல்லாததை ஊகித்து வரைபவை. உங்கள் அம்மாவின் கண் இருந்த இடத்தில் வேறு யாரோ ஒருவரின் கண் வந்துவிடும். கறையையும் கீறலையும் மட்டும் கையால் திருத்தச் சொல்லுங்கள்.

கடைக்காரரிடம் இரண்டு விடயங்களைக் கேட்க வேண்டும். முதலாவது, அச்சிடும் மை பிக்மென்ட் (நிறத்துகள்) வகையா என்பது. சாய மை வெளிச்சத்தில் விரைவாக வெளிறும். கன்வஸ் என்ற பெயரில் பேனர் அடிக்கும் பிளாஸ்டிக் துணியைத் தருகிறார்களா என்பதையும் பின்புறத்தைத் திருப்பிப் பாருங்கள்: உண்மையான கன்வஸின் பின்புறத்தில் நூலிழை தெரியும். இரண்டாவது, ஓரம் மடிக்கும் விதம். ஒன்றரை அங்குலத் தடிப்புள்ள சட்டத்தில் மடிக்கும்போது ஒவ்வொரு பக்கத்திலும் அவ்வளவு படம் பக்கவாட்டில் மடிந்துவிடும். தலைப்பாகையும் பாதமும் மடிப்பில் போகாதிருக்க, ஓரத்துக்கு வெற்று நிறம் விட்டு அடிக்கச் சொல்லுங்கள்.

கடற்காற்றில் முதலில் கெடுவது பெரும்பாலும் அச்சல்ல, பின்னாலுள்ள சட்டமும் அதன் கம்பிகளுமே. சரியாகக் காயாத பலகை முறுகும். சாதாரண ஸ்டேப்ளர் கம்பி துருவேறி, அந்தக் கறை துணியில் ஊறும். துருப்பிடிக்காத எஃகுக் கம்பியையும் காய்ந்த பலகையையும் கேட்டு வாங்கினால், அதற்குக் கூடுதலாகக் கொடுக்கும் பணம் வீண்போகாது. அச்சின் மேல் தெளிந்த வார்னிஷ் பூச்சும் இருக்கட்டும். மழைச்சாரல் அடிக்கும் வெளிச்சுவரைத் தவிர்த்து, வெயில் நேரே விழாத உட்சுவரில் மாட்டுங்கள். கீழ் மூலைகள் இரண்டிலும் பின்னால் சிறு தக்கைத் துண்டுகளை ஒட்டினால் சுவருக்கும் துணிக்கும் இடையே காற்றோடும். மாரியில், குறிப்பாகக் கார்த்திகை, மார்கழியில், இடைக்கிடை கழற்றிப் பின்புறத்தைப் பாருங்கள். பூஞ்சணம் தென்பட்டால் உலர்ந்த மென்தூரிகையால் தட்டிவிட்டு, வெயிலில் வைக்காமல் நிழற்காற்றில் உலரவிட்ட பிறகே மீண்டும் மாட்டுங்கள்.