ஏசி வாங்கியவர்கள் கேட்கிறார்கள்: கேஸ் தீருமா, டன் என்றால் எடையா?

கே: இணையத்தில் 'மினி ஏசி' என்று ஒன்று வாங்கினேன். கைக்கு அடங்குகிற பெட்டி, தண்ணீர் ஊற்ற வேண்டும். அறை துளியும் குளிரவில்லை. பணத்தைத் திருப்பிக் கேட்டால், "அதுதான் ஓடுகிறதே" என்கிறார்கள்.

ப: உங்கள் மேல் தவறில்லை, ஏமாற்றியது அவர்கள். ஏசி என்றால் அறையின் வெப்பத்தை எடுத்துக்கொண்டுபோய் வெளியே கொட்ட வேண்டும். அதற்குக் கேஸை அழுத்திச் சுற்றவைக்கும் கம்ப்ரசர் வேண்டும், வெப்பம் வெளியேற வழி வேண்டும். உங்களிடம் இருப்பது ஈரத் துணியும் ஒரு சின்ன விசிறியும்தான். ஏசி என்று சொல்லி ஏசி அல்லாததை விற்றிருக்கிறார்கள் என்று எழுத்தில் புகார் கொடுங்கள். விளம்பரப் பக்கத்தை அவர்கள் மாற்றுவதற்குள் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

நானும் ஒருமுறை ஒற்றைக் குழாய் வைத்த, உருட்டிக்கொண்டு போகும் ஏசி வாங்கினேன். அதில் கம்ப்ரசர் இருந்தது. ஆனால் அறைக்குள் இருக்கும் காற்றையே உறிஞ்சிச் சூடாக்கி வெளியே தள்ளியது, அந்தக் குறையை நிரப்பக் கதவிடுக்கு வழியாக வெளிக்காற்று சூடாக உள்ளே வந்துகொண்டே இருந்தது. இரண்டு கோடை போராடிவிட்டு விற்றேன்.

கே: ஒன்றரை டன் என்றார்கள். உள்ளே வெளியே இரண்டையும் சேர்த்தாலும் அவ்வளவு எடை இல்லையே?

ப: டன் இங்கே எடை அல்ல. இயந்திரம் வருவதற்கு முன் குளிர்ச்சி என்றால் பனிக்கட்டிதான், அதனால் அதை வைத்தே அளந்தார்கள். 2,000 பவுண்டு, அதாவது சுமார் 907 கிலோ பனிக்கட்டி 24 மணி நேரத்தில் உருகி எவ்வளவு வெப்பத்தை இழுத்துக்கொள்ளுமோ, அந்த வேகம்தான் ஒரு டன். இன்றைய கணக்கில் சுமார் மூன்றரை கிலோவாட்.

அப்புறம், பெரிய டன்னாக வாங்கினால் நல்லது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 1902-ல் அமெரிக்கப் பொறியாளர் வில்லிஸ் கேரியர் நியூயார்க்கின் புரூக்ளினில் ஓர் அச்சகத்துக்காகத் தன் முதல் ஏசி கருவியை வடிவமைத்தது ஆட்களுக்கு வியர்க்கிறது என்பதற்காக அல்ல. காற்றின் ஈரத்தில் காகிதம் விரிந்து சுருங்கியது, வண்ணங்கள் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தவில்லை, அதற்காகத்தான். ஈரத்தை எடுப்பது இன்றும் ஏசியின் முக்கியமான வேலை. தேவைக்கு மிஞ்சிய ஏசி சட்டென்று குளிர்வித்துவிட்டு நின்றுவிடும், ஈரம் அப்படியே தங்கும், படுக்கை பிசுபிசுக்கும்.

கே: 18-ல் வைத்தால் அறை சீக்கிரம் குளிருமா?

ப: குளிராது. 24-ல் வைத்தாலும் தொடக்கத்தில் அதே வேகம்தான்.

கே: மூன்று வருடமாகக் கோடை தொடங்கும்போதெல்லாம் "கேஸ் தீர்ந்துவிட்டது" என்று மெக்கானிக் நிரப்பிவிட்டுப் போகிறார். இது எல்லா ஏசிக்கும் உள்ளதுதானா?

ப: இல்லவே இல்லை. இந்த ஒரு வாக்கியத்தை வைத்து எத்தனை குடும்பங்களிடம் பணம் பறிக்கிறார்கள் என்று நினைத்தால் எனக்குக் கோபம் அடங்குவதில்லை. ஏசியின் கேஸ் பெட்ரோல் அல்ல, எரிந்து தீருவதற்கு. உள்ளே இருக்கும் காயிலில் ஆவியாகி வெப்பத்தை வாங்குகிறது, வெளியே இருக்கும் காயிலில் மறுபடி திரவமாகி அதை விடுகிறது, மூடிய குழாய்க்குள் இப்படியே சுற்றிச் சுற்றி வருகிறது. குறைந்திருந்தால் எங்கோ கசிகிறது என்றுதான் பொருள். கசிவை அடைக்காமல் நிரப்புவது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றுவதுதான்.

கசிவை அலட்சியமாக விடக்கூடாது என்பதற்கு இந்தத் தொழிலின் வரலாறே சாட்சி. ஆரம்பக் காலக் கருவிகளில் அமோனியா, கந்தக டை ஆக்சைடு போன்ற நச்சு வாயுக்கள் இருந்தன, கசிந்தால் உயிருக்கே ஆபத்து. 1928-ல் அமெரிக்கப் பொறியாளர் தாமஸ் மிட்ஜ்லியின் குழுவினர் நச்சும் இல்லாத, தீயும் பற்றாத ஃப்ரியான் வகைக் கேஸைக் கண்டுபிடித்த பிறகுதான் குளிர்பெட்டியையும் ஏசியையும் பயமில்லாமல் வீட்டுக்குள் வைக்க முடிந்தது. பல பத்தாண்டுகள் கழித்து அதுவே ஓசோன் படலத்தை அரிக்கிறது என்று தெரிந்து, அத்தகைய கேஸ்களைக் கைவிட உலக நாடுகள் சேர்ந்து செய்த மாண்ட்ரியல் உடன்படிக்கை 1987-ல் வந்தது. பழைய ஏசிகளில் இருந்த ஆர்-22 என்ற கேஸ் அப்படித்தான் விலக்கப்பட்டது. இப்போதைய ஆர்-32 ஓசோனைத் தொடாது, ஆனால் காற்றில் கலந்தால் கரியமில வாயுவைப் போல 600 மடங்குக்கு மேல் புவியைச் சூடாக்கும், லேசாகத் தீப்பற்றவும் கூடும்.

அடுத்த முறை வருகிறவரிடம் கசிவு எங்கே என்று முதலில் காட்டச் சொல்லுங்கள். நைட்ரஜன் அழுத்தம் ஏற்றி, குழாய் இணைப்புகளில் சோப்பு நுரை தடவினால் குமிழி காட்டிக்கொடுத்துவிடும், பெரும்பாலும் குழாய்களை இணைக்கும் ஃப்ளேர் நட்டில்தான் கசிவு இருக்கும். அடைத்த பிறகு வேக்யூம் பம்ப் போட்டு உள்ளே இருக்கும் காற்றையும் ஈரத்தையும் எடுக்க வேண்டும். வெளி யூனிட்டில் ஒட்டியிருக்கும் தகட்டில் எத்தனை கிராம் என்று போட்டிருக்கும், அதைத் தராசில் நிறுத்து நிரப்ப வேண்டும். மறுத்தால் அனுப்பிவிடுங்கள்.

கே: இன்வெர்ட்டர் ஏசி என்றால் மின்சாரம் போனாலும் ஓடும் என்று சொல்லி விற்றார்கள். ஓடவில்லை.

ப: ஓடாது. வீட்டில் பேட்டரியோடு இருக்கும் இன்வெர்ட்டர் வேறு, இது வேறு. பழைய கம்ப்ரசருக்கு முழு வேகம் அல்லது நிறுத்தம் என்று இரண்டே நிலை. இதில் தேவைக்கேற்ப வேகம் கூடிக் குறையும். 1981-ல் தோஷிபா இதை வீட்டு ஏசியில் கொண்டுவந்தது. தெரிந்தே பொய் சொல்லியிருக்கிறார்கள். விற்றவர் சொன்னதைத் தேதியோடு எழுதிப் புகார் செய்யுங்கள்.

கே: தள்ளுபடியில் ஸ்ப்ளிட் ஏசி வாங்கிவிட்டோம். வெளி யூனிட் மாட்ட இடமில்லை. ஜன்னல் இல்லாத பொருட்கள் அறையில் வைக்கலாமா?

ப: கூடாது. அந்த அறை சூளையாகும், கம்ப்ரசர் திணறும், மின்கட்டணம் ஏறும். வாங்கும் முன் ஒரு நிமிடம் சுவரைப் பார்த்திருக்கக் கூடாதா? 1914-ல் அமெரிக்காவின் மினியாபொலிஸில் சார்லஸ் கேட்ஸ் என்ற செல்வந்தரின் மாளிகைக்கு வைத்த ஏசி கருவி சுமார் 20 அடி நீளம். அதற்கே இடம் பார்த்துத்தான் வைத்தார்கள். உங்களுடையது இன்னும் பெட்டியில் இருந்தால் பிரிக்காதீர்கள், இன்றே கடைக்குப் போய்ப் பேசுங்கள். பிரித்துவிட்டீர்கள் என்றால், காற்றோட்டமான வெளிச்சுவர் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று அளந்து எழுதுங்கள்.